ஆளில்லாத படம்

கனடாவின் ஸ்காபரோவில், அடுக்குமாடி வீட்டில் வெயில் சாய்கிறது. மாமி நாகமணி வேல்ஸ் பயணப் படங்களை ஆல்பத்தில் ஒட்டுகிறார். மருமகள் வதனி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறாள். எல்லாவற்றிலும் மலையுச்சிக் கோட்டை கணவன் மகேஸ்வரனின் தோளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. அவன் விலகும்வரை குளிர்காற்றில் காத்திருந்து அவள் எடுத்த ஒன்றில் மட்டும், வேல்ஸ் சிற்றரசன் ஒருவன் எழுநூறு வருடங்களுக்கு முன் கட்டி ஆங்கிலேயரிடம் பறிகொடுத்த கோபுரம், பாதி இடிந்தும் முழுதாகத் தெரிகிறது.

“உதிலை ஒருத்தரையும் காணேல்லையே, பிள்ளை?”

“கோட்டை இருக்குது, மாமி.”

“கோட்டையை ஆர் பாக்கிறது? ஊருக்கு அனுப்புற ஆல்பம்.”

மகேஸ்வரன் சிரிக்கிறான். “பிலிமை வீணாக்கிப்போட்டாள், அம்மா.”

மாமி அந்தப் படத்தை மடித்து, அதன் விளிம்பால் பசையை வழித்து, மகனின் படத்துக்குப் பின்னால் பூசுகிறார். கோபுரம் பசை படிந்து வெள்ளையாகிறது. வதனி அடுத்த படத்தை நீட்டுகிறாள்.