வீடு வீடாக லட்டு

கல்யாணமாகாத அருள்செல்வியின் சுடிதாரில் பால் கசிந்திருந்ததைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் அறைந்தாள். “யாருடி அவன்?” ஐந்து மாதமாக மகளுக்கு மாதவிலக்கு வராததும் அவளுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் பார்த்த டாக்டர் சொன்னார்: “எவனும் இல்லைம்மா. மூளைக்கு அடியில சின்னக் கட்டி. அதனால பால் சுரக்கவைக்கிற புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் கூடி, மாதவிலக்கும் நின்னுபோச்சு. மாத்திரையிலயே சரியாகும்.” அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், அம்மா மாத்திரையும் தண்ணீருமாக மகள்முன் வந்து நின்றாள். நான்காவது மாதம் குளியலறையிலிருந்து அருள்செல்வி கத்தினாள்: “அம்மா, வந்துடுச்சு!” அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி லட்டு வாங்கிவந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். “என்ன விசேஷம்?” என்று கேட்ட ஒவ்வொரு வாசலிலும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்: “எம் பொண்ணு தூரமாயிருக்கா.”