முப்பதைத் தாண்டாத மடிக்கணினி

“புது சிஸ்டம் ஏத்தினா, முப்பது சதவீதம் வரைக்கும் சமர்த்தாப் போகுது. அப்புறம் பழையபடி திரும்பி வந்துடுது. மூணு நாள்ல ஏழு தடவை பாத்துட்டேன்!”

தோவா டீச்சர் மடிக்கணினியை மேசைமேல் வைத்தார். வியட்நாமின் கான் தோ நகரத்தில் டியெப்பின் பழுதுபார்க்கும் கடை அப்போதுதான் திறந்திருந்தது. டீச்சருக்குப் பின்னாலேயே ஒருவர் வந்து, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு என்ன அண்ணா?” என்று கேட்டாள் டியெப்.

“அவசரமில்ல. முதல்ல இதைப் பாருங்க.”

டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “இன்னிக்கு நாலு மணிக்குள்ள நாற்பத்திரண்டு பிள்ளைங்களோட மதிப்பெண்ணை ஏத்தணும்மா. கல்வித்துறை இணையதளம் பழைய சிஸ்டத்தை இப்ப உள்ளேயே விடறதில்ல. புதுசு ஏறலேன்னா நாளைக்குப் பெற்றோர் கூட்டத்துல வெறுங்கையோட நிப்பேன்.”

“வேற கம்ப்யூட்டர்லேர்ந்து அனுப்பிடலாமே அக்கா?”

“என் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி இதுக்குள்ளதான் இருக்கு. வேற எதுலயும் செல்லாது. இது சரியாகாம நான் எழுந்திரிக்கப்போறதில்ல.”

டியெப்புக்கு இப்படிப்பட்ட புதிர் என்றால் காலைச் சாப்பாடே வேண்டாம். இடம் போதுமா என்று பார்த்தாள், போதும். வன்வட்டில் பழுதா என்று பார்த்தாள்; இல்லை. கணினியை அணைத்து மறுபடி போட்டபோது, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன நீலப் பெட்டி வந்து கடவுச்சொல் கேட்டது.

“பூட்டு மென்பொருள் போட்டிருக்கீங்களா அக்கா?”

“பிள்ளைங்க விவரம் இருக்கே! எங்க ஸ்கூல்ல எல்லாரும் போட்டிருக்கோம். எல்லாருக்கும் இதே கதைதான்.”

“அப்ப பிடிச்சாச்சு. இதுதான் காரணம்.”

“பூட்டுல ஒரு தப்பும் இருக்காது,” என்று மூலையிலிருந்து குரல் வந்தது. “வேற எதுலயோதான் கோளாறு.”

“அவர் கிடக்கட்டும், நீ சொல்லும்மா,” என்றார் டீச்சர். “கொஞ்சம் சத்தமாவே சொல்லு.”

விளக்கச் சொன்னால் டியெப்புக்குக் கேட்கவா வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உள்ள இருக்குற எல்லாத்தையும் இந்தப் பூட்டு யாருக்கும் புரியாதபடி கலைச்சு வெச்சிருக்கு. வாசல்ல ஒரு ஆளை நிறுத்தியிருக்கு. நீங்க கடவுச்சொல்லைப் போட்டா, அவன் ஒவ்வொண்ணா புரியற மாதிரி மாத்தித் தர்றான். சரியா? இப்ப புது சிஸ்டம் ஏறும்போது நடுவுல ஒரு தடவை கம்ப்யூட்டரை அணைச்சுப் போடும். அப்ப அது இந்த வாசல் வழியா வராது, தன் சொந்த வழியா உள்ள வரும். அங்க மாத்தித் தர ஆள் இல்ல. பாக்குறதெல்லாம் குப்பையாத் தெரியும். பயந்துபோய் வந்த வழியே திரும்பிடும். அதுதான் உங்க முப்பது சதவீதம்.”

“என் மிஷின்ல புது சிஸ்டம் ஏறிடுச்சே!” என்றார் மூலைக்காரர்.

“அதுல பூட்டு போட்டிருக்கா அண்ணா?”

அவர் தலையைச் சொறிந்தார். “இல்ல… அதுல போடல.”

“பூட்டே போடாம, பூட்டு தடுக்கலைன்னு சொன்னா எப்படி?”

டீச்சர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

டியெப் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு நகல் எடுத்தாள். பிறகு டீச்சரைக் கடவுச்சொல் போடச் சொல்லி, முழு வட்டின் பூட்டையும் கழற்றும் கட்டளையைக் கொடுத்தாள். ‘இரண்டரை மணி நேரம்’ என்றது திரை.

“அவ்வளவு நேரம் பூட்டில்லாம வெக்கறது ஆபத்து,” என்றார் அவர் மறுபடியும்.

“அதனாலதான் இணைய இணைப்பைப் பிடுங்கிட்டேன். டீச்சரும் பக்கத்துலயே இருக்காங்க. நீங்க ஏன் அண்ணா அந்தப் பூட்டுக்கு இப்படி வக்கீல் வேலை பாக்குறீங்க? இதை எழுதின மகானுபாவன் மட்டும் என் கையில கிடைச்சா…”

“கிடைச்சா?” டீச்சர் ஆவலாக முன்னால் நகர்ந்தார்.

“ஏழு தடவை அவரையே உக்கார வெச்சு ஏத்தச் சொல்வேன். முதல் திரையில ஒரு வரி எழுதியிருந்தா, பாவம், நீங்க மூணு நாள் அலைஞ்சிருப்பீங்களா?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு விட்டிருப்பாரு,” என்றார் அவர், குரல் இறங்கி.

“நாற்பத்திரண்டு பிள்ளைங்களைக் கட்டி மேய்க்கிறவங்களுக்கு இதுவும் தெரிஞ்சிருக்கணுமா அண்ணா?”

அவர் ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார். ஆனாலும் கடையை விட்டு எழுந்து போகவில்லை.

பூட்டு கழன்றதும் டியெப் புது சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்தாள். பன்னிரண்டரை மணிக்குத் திரையில் முப்பது வந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கணினி அணைந்தது. மறுபடி எரிந்தது.

முப்பத்தொன்று.

இரண்டரைக்குப் புது சிஸ்டம் தயார். டியெப் இணைய இணைப்பைத் திரும்பக் கொடுத்து, பூட்டையும் மறுபடி போட ஆரம்பித்தாள்; அது பின்னணியில் ஓடும்போதே டீச்சர் மதிப்பெண்களை ஏற்றினார். மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கடைசிப் பிள்ளையின் மதிப்பெண்ணும் ஏறிவிட்டது.

டீச்சர் மடிக்கணினியை ஒருபக்கமாகத் தள்ளிவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாக மூலைப்பக்கம் திரும்பினார்.

“உங்க பூட்டுதான் தடுக்குதுன்னு மூணு நாளா நான் சொன்னப்ப காதுல ஏறல. கடைக்காரப் பொண்ணு சொன்னா ஏறுதா?”

டியெப் விழித்தாள்.

“நீ கேட்ட மகானுபாவன் இவர்தாம்மா. என் வீட்டுக்காரர்.”

அவர் தன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்து, தான் எழுதிய மென்பொருளின் முதல் திரையில், எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் அடித்தார்: ‘புது சிஸ்டம் ஏற்றும் முன் இந்தப் பூட்டை முழுவதும் கழற்றுங்கள், ஏற்றி முடித்த பிறகு திரும்பப் பூட்டுங்கள்.’