அஞ்சு மணிக்காரி

"மணி அஞ்சுதான் ஆகுது. அதுக்குள்ள பையைத் தோள்ல மாட்டிட்டீங்களே!"

மேலாளர் குரல் கொடுத்ததும் அந்தக் கட்டட வரைபட அலுவலகமே கணினித் திரைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வாசலை நோக்கி நடந்த பெண் வரைவாளர் நின்றாள். அலுவலகத்தில் அவளுக்கு 'அஞ்சு மணிக்காரி' என்று பெயர். வைத்தவர் மேலாளரேதான்.

"இன்னைக்கு வேலை முடிஞ்சுது சார்."

"வேலைன்னா முடியவே கூடாதுங்க. எங்களைப் பாருங்க. எட்டு மணிக்கு முன்னாடி நாற்காலியை விட்டு எழுந்திருக்கோமா?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை என்பது சத்தியமான உண்மை. தேநீர்கூட இடத்துக்கே வரும். மாலை முழுக்கக் கைப்பேசியில் சீட்டாடுவார். யாராவது எட்டிப் பார்த்தால் நெற்றியைச் சுருக்கிக்கொள்வார். அவர் எழுந்திருக்காததால் மற்றவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள். மத்தியானமே முடிய வேண்டிய வேலையை ஜவ்வாக இழுத்து எட்டு மணி வரை ஓட்டுவார்கள்.

"கோவிச்சுக்காதீங்க சார். போன வாரம் எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து வரைஞ்ச வீட்டுல படிக்கட்டு நேரா சுவத்துல போய் முட்டுது. அதுக்கு முந்தின வீட்டுல குளியலறைக்குக் கதவே இல்ல. காலையில வந்து நான்தான் வெச்சேன்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். மேலாளருக்குக் காது சிவந்தது.

"தப்பு யாருக்கும் வரும். அவங்க உழைப்பைப் பாருங்க! வேற யாராவது இப்படிக் கிளம்பியிருந்தா எப்பவோ சீட்டைக் கிழிச்சிருப்பேன். தலைமை வரைவாளர் இடம் காலியாகுது. எட்டு மணி வரைக்கும் இருக்கறவங்களுக்குத்தான் அது. இன்னைக்குப் போனீங்கன்னா அதை மறந்துடுங்க."

அவள் முகம் வாடியது. அந்த இடத்துக்கு அவளைவிடத் தகுதியான ஆள் அங்கே இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"ஆறு மணிக்குக் காப்பகத்தைப் பூட்டிடுவாங்க சார். என் பொண்ணைக் கூட்டிட்டு வரணும்."

"அது வீட்டு விஷயம். ஆபீஸ்ல வீட்டைப் பத்திப் பேசக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"சரி சார். பேசல."

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. அஞ்சு மணிக்காரியையே வழிக்குக் கொண்டுவந்தாயிற்றே! அந்த மகிழ்ச்சியில் கூடுதலாக ஒரு தேநீர் சொல்லிவிட்டுச் சீட்டாட்டத்தைத் திறந்தார். அவளோ, முடித்த வரைபடத்தையே பெரிதாக்குவதும் சிறிதாக்குவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்கு அவள் கைப்பேசி அடித்தது. தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள்.

உடனே மேலாளரின் கைப்பேசி அடித்தது. ஜெயிக்கப்போகிற ஆட்டம் பாழாகிறதே என்ற எரிச்சலோடு எடுத்தார்.

"சார், காப்பகத்துல இருந்து பேசறேன். உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போக இன்னும் யாரும் வரல."

"அதுக்கு எனக்கு ஏங்க போன் பண்றீங்க? தினமும் அவ அம்மாதானே வருவா?"

"அவங்ககிட்டதான் முதல்ல பேசினேன் சார். மேனேஜர் விடமாட்டேங்கறாராம். 'அவ அப்பா எனக்கு எதிர்லதான் சும்மா உட்கார்ந்திருக்கார், அவரை வரச் சொல்லுங்க'ன்னாங்க."