ஒரே சத்தம்

சக்கரம் கழற்றிய இடத்திலிருந்து பிரின்சி தலையை வெளியே எடுத்தபோது, நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது.

"வந்துச்சா?" என்றான் அவள் கணவன் ஜோயல், வாசலில் போட்ட நாற்காலியில் இருந்து.

"அசையக்கூட மாட்டேங்குது."

காருக்கு வயது இருபத்து நாலு. கம்பத்திலிருந்து தேக்கடிக்கு டூரிஸ்டுகளை ஏற்றிப்போய் வீட்டைக் காப்பாற்றிய வண்டி. இப்போது முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்து, திரும்பும்போதெல்லாம் கடகடவென்று ஆடியது. புதியது வாங்கி வைத்தாயிற்று. பழையது கழன்றால்தானே புதியதை மாட்ட முடியும்.

அதை இழுத்துக் கழற்ற புல்லர் என்ற கருவி வேண்டும். அது வைத்திருக்கும் மெக்கானிக் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நாளை முகூர்த்த நாள். வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு ஜோயல் தேனி கோர்ட்டில் இருக்க வேண்டும். வலது காலில் முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருக்கிறது. பஸ் படியில் அவனால் ஏற முடியாது.

வாய்தா வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொன்னார். "இல்ல சார், நாளைக்கே சொல்லிரணும்" என்று ஜோயல் ஒரே பிடியாக நின்றான்.

பிரின்சி நேற்றே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தாள். கீழ் ஆர்ம் என்கிற இரும்புத் தண்டுக்கு ஜாக்கி கொடுத்து, நட்டைக் கடைசி மரை வரை தளர்த்தி விட்டிருந்தாள். கடப்பாரை கொடுத்து நெம்பினாள். சுத்தியலால் அடித்து அடித்து உள்ளங்கையில் கொப்புளம் கண்டதுதான் மிச்சம். துரு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜோயலுக்கு வழி தெரியும். "அந்த ஜாயிண்ட் ஆணி மேல அடிக்காத. அது உக்காந்திருக்கிற இரும்புக் காது இருக்கு பாரு, அதோட ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடி விழணும். காது ஒரு நொடி நெளியும், ஆணி நழுவிரும். ஆனா அதுக்கு ரெண்டு ஆளு வேணும்."

அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

கேட்டுக்கு வெளியே சுல்தான் பீவி நின்றிருந்தாள். பின்தெருவில் விறகுக்கடை வைத்திருப்பவள். ஜோயல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இந்த நாலு மாதமும், வெள்ளிக்கிழமை தவறாமல் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து தருவாள். கேட்டுக்கு வெளியேயே நின்று தூக்குவாளியை நீட்டுவாள். எத்தனை முறை கூப்பிட்டும் உள்ளே வந்ததில்லை.

இன்று வெள்ளிக்கிழமையும் இல்லை, கையில் வாளியும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் பின்தெருப் பக்கம் நடந்தாள்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். விறகுக்கு ஆப்பு அடிக்கும் கைச்சம்மட்டி அவள் கையில் இருந்தது.

கேட்டைத் திறந்தாள். உள்ளே வந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரின்சிக்கு எதிரே மண்ணில் மண்டி போட்டாள்.

"எங்கன அடிக்கணும்னு காட்டு தாயி."

பிரின்சி காட்டினாள்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. டங், டங்.

"ரெண்டு சத்தம் கேக்குது," என்றான் ஜோயல். "ஒரே சத்தமாக் கேக்கணும்."

மறுபடி எண்ணினார்கள். மறுபடி இரண்டு சத்தம். பிரின்சி அவசரப்பட்டாள், பீவி ஒரு மூச்சு பிந்தினாள். பத்துத் தடவை, இருபது தடவை. வியர்வை கண்ணில் இறங்கியது.

"எண்ண வேணாம்," என்றாள் பீவி. "என் கையைப் பாக்காத. மூஞ்சியப் பாரு."

பிரின்சி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் அந்த முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்ததில்லை. சரியாகத் தூக்கம் கண்டு வெகுநாளான கண்கள்.

இருவரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள்.

ஒரே சத்தம்.

'டொக்' என்று ஏதோ உள்ளுக்குள் விட்டுக்கொடுத்தது. ஆணி காதிலிருந்து நழுவி, நட்டில் தொங்கி நின்றது.

"வந்துருச்சு!" என்று ஜோயல் நாற்காலியிலிருந்து எழவே பார்த்தான். பிரின்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிரீஸ் கையோடு பீவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

புதியதை மாட்டிச் சக்கரத்தை முடுக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை பீவி போகவில்லை. ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் சம்மட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்தாள்.

"அக்கா, நாளைக்குத் தேனிக்கு எதுல போறீக?" என்று கேட்டாள் பிரின்சி.

பீவி திரும்பினாள். "அஞ்சரை பஸ்ல."

"பஸ் வேணாம். ஏழு மணிக்குக் கெளம்புறோம். ரபீக்கையும் கூட்டிட்டு வந்துருங்க. நாலு பேருக்குத் தாராளமா எடம் இருக்கு."

பீவி சம்மட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். சரியென்று தலையை ஆட்டினாள்.

ரபீக் அவளுடைய ஒரே மகன். சின்னமனூர் ரோட்டில் ஜோயல் மீது மோதியது அவன் ஓட்டிவந்த பைக்தான். பைக்கை அப்படியே போட்டுவிட்டு, ஜோயலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை ஓடியவனும் அவன்தான்.

முதலாவது போலீஸ் பேப்பரில் இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லத்தான் ஜோயல் போகிறான்.