எந்தத் துப்பாக்கி தேவலை?

"அந்தத் துப்பாக்கியை எடுக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

பீப்பாய்க்குப் பின்னால் குந்தியிருந்த அச்சக மெஷின்காரர், பக்கத்தில் தவழ்ந்து வந்து சேர்ந்த மனைவியைக் கடிந்துகொண்டார். அவளுக்கும் அதே அச்சகத்தில்தான் வேலை.

முதலாளி வைத்த போட்டி இது. புதுக் கட்டடத்தில் ஜன்னல் உள்ள கூடம் ஒன்றே ஒன்றுதான். பெயிண்ட் குண்டுகளால் சுட்டுக்கொள்ளும் இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிற பிரிவுக்கு அது; தோற்கிற பிரிவுக்குத் தரைக்கடியில் இருட்டறை. எதிரணியில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி.

"மூணு தடவை பம்பை இழுத்து இழுத்துச் சுட்டேங்க. குண்டு வந்தாத்தானே?"

"யாரைக் குறி வச்சே?"

"முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரு."

"அடிப்பாவி! சுட்டிருந்தா இந்நேரம் ஆட்டமே முடிஞ்சிருக்கும்!"

"நானும் அதைத்தாங்க நினைச்சேன்."

அவளுடைய துப்பாக்கியை வாங்கிப் பார்த்ததும் மெஷின்காரருக்கு ஆட்டமும் அணியும் அடியோடு மறந்துபோயின. பாவம், கருவி கண்டால் விடமாட்டார் மனுஷன்.

"எல்லாம் வெறும் மினுமினுப்பு. கொஞ்சம் அரைகுறையா இழுத்தாலும் குண்டு குழல்ல சிக்கிக்கும். காத்து வேற கசியுது, கேளு. உங்க அண்ணன் குறட்டை மாதிரி."

"எங்க அண்ணன் உங்களை என்ன பண்ணாரு?"

"என்னோடதைப் பாரு. கிழடுதான், ஆனா அடம் பிடிக்காது."

"அப்ப உங்களை மாதிரி இல்லைன்னு சொல்லுங்க."

"காலையிலேர்ந்து நாப்பது குண்டு. ஒண்ணுகூடச் சிக்கலை, தெரியுமா?"

"சிக்காம இருந்தா ஆச்சா? குறி தப்புமே."

"தப்புமா? அந்தத் தகர டப்பாவைப் பாரு."

சுட்டார். டப்பா மஞ்சளாகி உருண்டது.

"உங்க கைப்பழக்கம் அது. என் கைக்கு வருமா?"

"உன் கைக்கென்ன குறைச்சல்? இந்தா பிடி. முழுசாப் பின்னால இழு. ம்... முழுசா முன்னால தள்ளு. அவசரப்படாதே. மூச்சைப் பிடிச்சுக்கோ. இப்ப சுடு!"

சுட்டாள்.

மெஷின்காரரின் மார்பில் மஞ்சள் பெயிண்ட் தெறித்து வழிந்தது.

"நீங்க சொன்னது வாஸ்தவம்தாங்க. இதுதான் தேவலை," என்றவள் எழுந்து நின்று, அடிபட்டு வெளியேறி வேலிக்கு அப்பால் காத்திருந்த தன் பைண்டிங் பிரிவுப் பெண்களைப் பார்த்துக் கூவினாள்: "ஜன்னல் கூடம் நமக்குத்தாண்டி!"