மேடத்தின் கொலஸ்ட்ரால்

“அஞ்சு வருஷம் மூணு நாள்,” என்றான் பீப்பாய், தட்டைப் பார்த்தபடி. “இந்த ஸ்டேஷன்ல நான் ஒரு துண்டு கறியைப் பார்த்து இன்னையோட அஞ்சு வருஷம் மூணு நாள் ஆகுது.”

தட்டில் அவித்த பயறு, கீரை, முழுக்கோதுமை ரொட்டி. இன்று சமையல் முறை ஏணியுடையது. ஆள் ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பதால் அந்தப் பெயர். பீப்பாய்க்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

“பிடிக்கலைன்னா எந்திரி. உன் பங்கையும் அண்ணன் சாப்பிட்டுக்குவார்,” என்றான் ஏணி.

அண்ணன் என்றால் தீயணைப்பு வண்டியின் டிரைவர். அவர் ஏற்கெனவே இரண்டாம் முறையாகப் பயறு போட்டுக்கொண்டிருந்தார்.

“அவருக்கென்ன, எதைப் போட்டாலும் மேய்வார். எல்லாம் மேடத்தோட கொலஸ்ட்ரால் படுத்துற பாடு.”

மேடம், நிலைய அதிகாரி. அதே பயறைத்தான் அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “எனக்காகப் பொறுத்துக்கடா. எனக்கு மட்டும் தனியா சமைச்சா சாப்பாடு இறங்காது,” என்றார்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, வெட்டி எடுத்து, ஐந்து வருடம் ஆகிறது. நிலையத்தில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தார். உண்மை தெரிந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டு ஏதாவது ஒரு மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். டாக்டர் ‘தாராளமா ஓட்டலாம்’ என்று சொன்ன பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

கறி, சாசேஜ் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், வேலைக்குத் திரும்பியபோது சாப்பாடுதான் பெரிய கவலையாக இருந்தது. இங்கே எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம். அதில் முக்கால்வாசி நாள் வறுத்த கறி, இல்லையென்றால் சாசேஜ். வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கே குட்டு உடைந்துவிடும்.

அவருடைய நல்ல நேரம், அவர் திரும்பி வந்த அன்றே மேடத்துக்குக் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது. இனிமேல் இந்த அடுப்பில் காய், கீரை, பயறு, தீட்டாத தானியம் மட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அடுத்தவர் கொழுப்புக்கு உள்ளுக்குள் நன்றி சொன்ன ஒரே மனிதர் இந்த டிரைவராகத்தான் இருப்பார். பீப்பாய் புலம்பும்போதெல்லாம் அவருக்கு மட்டும் குற்ற உணர்ச்சியாக இருக்கும்.

நேற்று டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். இன்று காலை மனைவி, “மறைச்சு வச்சது போதும். இன்னைக்குச் சொல்லிடுங்க. திட்டினா வாங்கிக்கங்க,” என்று சிரித்தாள்.

டிரைவர் தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமினார். “நான் உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணு…”

மணி அடித்தது.

பெரிய தீ ஒன்றும் இல்லை. மாடி வீட்டில் யாரோ அடுப்பில் கறியை வறுக்கப் போட்டுவிட்டு போனில் பேசப் போயிருக்கிறார்கள். ஜன்னல் திரை மட்டும் எரிந்திருந்தது. அணைத்துவிட்டு வண்டியில் ஏறும்போது எல்லோர் உடுப்பிலும் வறுத்த கறி வாசனை. பீப்பாய் தன் சட்டைக் கையை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

“நக்கிடாதடா,” என்றான் ஏணி.

முகங்களைப் பார்க்காமல் சொல்வது சுலபம் என்று டிரைவருக்குத் தோன்றியது. ரோட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

“எனக்கு அப்ப வந்தது குடலிறக்கம் இல்லை. கேன்சர். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மேடம் புண்ணியத்துல இங்கேயும் நல்ல சாப்பாடா கிடைச்சுது. நேத்து டாக்டர் பார்த்துட்டு, எல்லாம் சுத்தமா இருக்குன்னுட்டார்.”

பக்கத்தில் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம்தான் என்று நினைத்தார் டிரைவர்.

“சுத்தமான்னா, சுத்தமாவா?” பின்னாலிருந்து பீப்பாயின் குரல் கரகரத்தது.

“சுத்தமா.”

“சாப்பாட்டைப் பத்தி என்ன சொன்னார்?”

“ஆபரேஷன்தான் காப்பாத்துச்சாம். ஆனா சாப்பாடும் நடையும் கூடவே தோள் கொடுத்திருக்கும்னார். இதை விட்டுடாதீங்கன்னார்.”

“எத்தனை நாளைக்கு?”

“ஆயுசுக்கும்.”

பின்னாலிருந்து ஒரு முனகல் எழுந்தது. சைரன் தோற்றுவிடும்.

“மேடம்,” என்றான் பீப்பாய் பரிதாபமாக. “நீங்க அஞ்சு வருஷம்னுதானே சொன்னீங்க? நான் மூணு நாளைக்கு முன்னாடியே சாசேஜ் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேனே.”

சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு போய்ப் பச்சை வந்த பிறகும் நின்றது. டிரைவர் மெல்லத் திரும்பி மேடத்தைப் பார்த்தார்.

“அண்ணி அப்பவே போன் பண்ணி அழுதுட்டாங்கண்ணே,” என்றார் மேடம், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி. “மத்தபடி எனக்குக் கொலஸ்ட்ரால் எல்லாம் ஒரு நாளும் இருந்ததில்லை.”