ஆடிக்கூழ்ப் பந்தி

ரத்தினசாமி இன்றைக்கும் ஆண்கள் பந்தியை விட்டு எழுந்து, பெண்கள் பந்தியின் கோடியில், பட்டம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கூழ் கிளறுகிற துடுப்பும் கையுமாகக் கூடத்துக்கு வந்த மீனாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறுபதைத் தாண்டியும் இந்த மனுஷனுக்குப் புத்தி போற போக்கைப் பாரேன்" என்றாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி.

ஆம்பூரில், பாலாற்றங்கரைப் பக்கம், தோல் பதனிடுகிற ஷாப்புகளில் உழைத்து ஓய்ந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனவர்களுக்காகத் தோல் வியாபாரி அப்துல் ஹமீத் சாயபு கட்டிவிட்ட விடுதி அது. ரம்ஜான் வந்தால் நோன்புக் கஞ்சி. கிறிஸ்துமஸ் வந்தால் ராத்திரி முழுக்கப் பாட்டு. ஆடி வந்தால் கூழ். எந்தப் பண்டிகையானாலும் சமையல்கட்டு மீனாம்பாள் ராஜ்யம்தான். அவளும் அங்கே ஒண்டிக்கொள்ள வந்தவள்தான் என்பது அவளுக்கே மறந்து போய் ரொம்ப நாளாகிவிட்டது.

இன்று ஆடி ஞாயிறு. பந்திக்கு ஒரு அண்டா கேழ்வரகுக் கூழை இறக்கியாகிவிட்டது. வாசலில் கூடியிருக்கிற ஜனத்துக்கு ஊற்ற இன்னொரு அண்டா பின்கட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு.

எல்லாம் சரி, இந்தப் பட்டம்மாள்தான் மீனாம்பாளுக்குத் தலைவலி. காலமெல்லாம் தோல் தொட்டித் தண்ணீரில் நின்றவளுக்குக் காலில் ஒரு புண். கம்பவுண்டர் வந்து வந்து கட்டு மாற்றியும் ஆறவில்லை. வாடை தாங்கவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக நகர்ந்து போய்விட்டார்கள். இனிமேல் அவளுக்குச் சாப்பாட்டைப் பின்கட்டு விறகு அறையிலேயே கொடுத்துவிடலாம் என்று மீனாம்பாள் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"படுக்கறது எங்க வேணா படுத்துக்கறேன் அக்கா. சாப்பிடறத மட்டும் நாலு பேரோட உக்காந்து சாப்பிடறேனே. தனியா உக்காந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது" என்று பட்டம்மாள் கெஞ்சிப் பார்த்தாள்.

மீனாம்பாள் மசியவில்லை. மேனேஜர் சம்பத்துக்கு ஆள் அனுப்பினாள்.

"இன்னாம்மா பேஜார், நல்ல நாளும் அதுவுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சம்பத்.

"நீயே பாரு தம்பி. பொம்பளைங்க பந்தியில ஆம்பளைக்கு இன்னா வேலை? ரெண்டு மாசமா தெனம் இதே கூத்து. ஊரு இன்னா பேசும்?"

சம்பத் சின்னப் பையன். பெரியவரை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டார். "இன்னா பெரியவரே, இது நல்லாவா இருக்குது?"

ரத்தினசாமி கோபப்படவில்லை. சிரித்தார்.

"தம்பி, நான் முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில பச்சைத் தோலோட பொழங்கனவன். மூக்கு எப்பவோ செத்துப் போச்சு. எனக்கு மல்லிப்பூவும் ஒண்ணுதான், அழுகின தோலும் ஒண்ணுதான். வாடை, வாடைன்னு இவங்க எல்லாரும் நகர்ந்து போறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியலியே, நான் உக்காந்தா இன்னா தப்பு?"

ஆனால் மீனாம்பாளா அடங்குவாள்?

"உன் மூக்கு செத்துப் போச்சு, சரி. எங்க மூக்கு உசுரோட இருக்குதே, அதுக்கு இன்னா பண்றது? ஒருத்தராலயும் கூழுல வாய வெக்க முடியல. நீயே நாயம் சொல்லு தம்பி."

சம்பத் தலையைச் சொறிந்தார். மீனாம்பாளைப் பகைத்துக்கொண்டு அந்த விடுதியில் யார் சாப்பிட முடியும்?

"அவங்க சொல்றதும் சரிதான். பட்டம்மா, இனிமே நீங்க பின்னாடியே சாப்ட்டுக்கோங்க."

பட்டம்மாள் கூழ்க் குண்டானை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜெயித்தவள் பேசாமல் அடுப்பைப் பார்க்கப் போயிருக்கலாம். மீனாம்பாள் போகவில்லை. ஒரு விடுதி என்றால் எப்படி நடக்க வேண்டும் என்று சம்பத்துக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரத்தினசாமி திடீரென்று தலையைத் தூக்கினார்.

"ஏம்மா மீனாம்பா, பேசனது போதும். அடுப்புல கூழு அடி பிடிக்குது, போய்ப் பாரு."

மீனாம்பாள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அவர் சொன்னது உண்மைதான். அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருந்தது. விறகை வெளியே இழுத்துப் போட்டு, அடியைக் கிளறாமல், மேல் கூழை மளமளவென்று வேறு அண்டாவுக்கு மாற்றினாள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வாசலில் நிற்கிற ஜனத்தின் முகத்தில் விழிக்க முடியாது.

அப்பாடா என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடுப்பு இருப்பது முற்றத்தைத் தாண்டி, சுவருக்கு இந்தப் பக்கம். கூடத்தில் இருந்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் அடிபிடிக்கிற வாடை தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை. மூக்கு செத்த மனுஷனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

அப்படியென்றால், இந்த இரண்டு மாதமும்?

மீனாம்பாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துடுப்பைக் கீழே வைத்தாள்.

பட்டம்மாள் அதற்குள் குண்டானோடு பின்கட்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

"எங்க போற?" என்றாள் மீனாம்பாள்.

"நீங்கதான அக்கா பின்னாடி போகச் சொன்னீங்க..."

"சொன்னேன், இப்ப வேணாங்கறேன். போய் உன் எடத்துல உக்காரு."

தனக்கும் ஒரு குண்டான் கூழை ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பட்டம்மாளுக்கு அந்தப் பக்கம் ரத்தினசாமி இருந்தார். இந்தப் பக்கம் இவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சம்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாம்மா இது? வாடை தாங்கலன்னு நீங்கதான சொன்னீங்க?"

மீனாம்பாள் கருவாட்டை ஒரு கடி கடித்துக்கொண்டு சொன்னாள்:

"நேத்துலேர்ந்து ஒரே ஜல்பு தம்பி. மூக்கு சுத்தமா அடைச்சிக்கிச்சு."